காசில்லாத பேய்: சின்ன பட்ஜெட் திகில் படங்களைப் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு

போன மாதம் அக்கா மகனோடு வடபழனிப் பக்கம் ஒரு பேய்ப் படத்துக்கு இரவுக் காட்சி போயிருந்தேன். படத்தின் பெயர் வேண்டாம். எடுத்தவர்கள் பாவம், கடன் வாங்கித்தான் எடுத்திருப்பார்கள். இடைவேளைக்கு முன்னாலேயே பின்வரிசையில் ஒருவர் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். வெளியே வந்து ஆற்காடு சாலையில் டீ குடிக்கும்போது பையன் தீர்ப்புச் சொன்னான்: "லோ பட்ஜெட்ல எடுத்தா இப்படித்தான் மாமா இருக்கும். பேய் மூஞ்சியப் பாத்தீங்களா? மைதா டப்பாவுக்குள்ள விழுந்து எழுந்த மாதிரி."

மூஞ்சியைப் பற்றி அவன் சொன்னது சரி. காரணம்தான் தப்பு. பள்ளிக்கூட நாளிலிருந்து பேய்ப் படம் பார்க்கிற எனக்கு இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. இன்னொரு டீ சொல்லிவிட்டு விளக்க ஆரம்பித்தேன். அன்று சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

சின்ன பட்ஜெட் என்பதற்கு வரம்பு எதுவும் கிடையாது. ஹாலிவுட்டில் சின்ன படம் என்று சொல்கிற தொகையில் கோடம்பாக்கத்தில் பெரிய படமே எடுத்துவிடலாம். அதனால் தொகையை விடுங்கள், காசு எங்கே போகிறது என்று பாருங்கள். முதலில் ஹீரோ சம்பளம். அப்புறம் நாட்கள்: ஒவ்வொரு கால்ஷீட்டுக்கும் ஆட்களுக்குச் சம்பளம், பேட்டா, சாப்பாடு, வேன், ஜெனரேட்டருக்கு டீசல். லொகேஷன் மாறினால் மொத்த யூனிட்டும் மூட்டை கட்ட வேண்டும், அதிலேயே அரை நாள் போய்விடும். ஷூட்டிங் முடிந்தபின் டி.ஐ. (படத்தின் நிறத்தைச் சரிசெய்வது), கிராபிக்ஸ், ஆர்.ஆர். (பின்னணி இசை), மிக்ஸிங் (எல்லா ஒலியையும் சேர்ப்பது). கடைசியில் விளம்பரம்.

இதில் பேய்ப் படத்துக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. சண்டைப் படத்துக்கு ஹீரோ வேண்டும். பேய்ப் படத்தில் பேய்தான் ஹீரோ, அதற்குச் சம்பளம் கிடையாது. ஒரு வீடு, நாலு பேர், இருபது ராத்திரி இருந்தால் படத்தைத் தொடங்கிவிடலாம். தெரியாத முகங்களாக இருந்தால் இன்னும் வசதி. பெரிய ஹீரோ நடித்தால் அவர் சாகமாட்டார் என்பது டிக்கெட் வாங்கும்போதே தெரிந்துவிடும். புதுமுகமோ எப்போது வேண்டுமானாலும் சாகலாம். புது இயக்குநர்கள் நிறையப் பேர் இந்த வாசல் வழியாக சினிமாவுக்குள் நுழைவது இதனால்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். காசு இல்லாததை மறைக்கப் பார்க்கிற படம் ஒரு வகை. காசு இல்லாததைக் கதைக்குள்ளேயே கொண்டுவந்துவிடுகிற படம் இன்னொரு வகை. நாங்கள் அன்று பார்த்தது முதல் வகை. அதில் ஒரு ஈ.சி.ஆர். பங்களா, அதைச் சுற்றிப் பறக்கும் கிராபிக்ஸ் வௌவால்கள், கண் சிவக்கும் பேய். பெரிய படத்தில் வருவதெல்லாம் இதிலும் வந்தது, எல்லாம் கால்வாசித் தரத்தில். கல்யாண வீட்டுக்குப் போலி நகை போட்டுக்கொண்டு போகிற மாதிரி. எல்லார் கண்ணும் அங்கேதான் போகும்.

இரண்டாவது வகைக்கு என் மனதில் முதலில் வருவது 1942-இல் வெளியான 'கேட் பீப்பிள்'. ஹாலிவுட்டின் ஆர்.கே.ஓ. ஸ்டூடியோ தன் திகில் படங்களுக்கு வால் லூட்டன் என்ற தயாரிப்பாளரை வேலைக்கு வைத்தது. நிபந்தனை இதுதான்: ஒரு படம் 1,50,000 டாலருக்குள் முடிய வேண்டும், 75 நிமிடத்துக்கு மேல் ஓடக்கூடாது, தலைப்பை நாங்கள் கொடுப்போம், கதையை நீ பார்த்துக்கொள். முதலில் கொடுத்த தலைப்பு 'கேட் பீப்பிள்', அதாவது 'பூனை மனிதர்கள்'. வேறு யாராவது இருந்தால் நடிகை முகத்தில் முடி ஒட்டி, பல் வைத்து, நகம் வளர்த்து எல்லாரையும் சிரிக்க வைத்திருப்பார்கள். லூட்டனும் இயக்குநர் ஜாக் டூர்னரும் அந்தப் பூனையைப் பெரும்பாலும் காட்டாமலே விட்டார்கள். ஆர்சன் வெல்ஸ் என்ற இன்னொரு இயக்குநரின் படத்துக்காகப் போட்டிருந்த படிக்கட்டு செட் சும்மா கிடந்தது, அதையும் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தப் படத்தில் ஒரு காட்சி. ராத்திரி, பூங்காவின் மதில் ஓரமாக ஒரு பெண் தனியாக நடந்து போகிறாள். பின்னால் இன்னொரு பெண்ணின் குதிகால் செருப்புச் சத்தம். பூனையாக மாறக்கூடியவளோ என்று நாம் சந்தேகப்படுவது அவளைத்தான். டக், டக், டக். தெருவிளக்குக்கும் தெருவிளக்குக்கும் இடையே இருட்டு. ஒரு கட்டத்தில் பின்னால் வந்த சத்தம் நின்றுவிடுகிறது. முன்னால் போகிறவள் திரும்பிப் பார்க்கிறாள், யாரும் இல்லை. நடையை வேகமாக்குகிறாள், ஓடுகிறாள், நமக்கும் மூச்சு வாங்குகிறது. சட்டென்று சீறுகிற மாதிரி ஒரு சத்தம். பார்த்தால் பஸ். திரையின் ஓரத்திலிருந்து வந்து அவள் பக்கத்தில் நிற்கிறது. அவ்வளவுதான் காட்சி.

இன்றைக்கும் திகில் பட உலகில் இந்த உத்திக்கு 'லூட்டன் பஸ்' என்றே பெயர். ராத்திரி பதினோரு மணிக்கு அசோக் பில்லர் ஸ்டாப்பில் தனியாக நின்று, பின்னால் வந்த மாநகரப் பேருந்தின் கதவு 'புஸ்ஸ்' என்று திறந்து, நீங்கள் துள்ளியிருந்தால் உங்களுக்கு இது ஏற்கெனவே தெரியும். அந்தக் காட்சிக்கு என்ன செலவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு மதில், நாலு விளக்கு, இரண்டு ஜோடி செருப்பு, ஒரு பஸ். பயம் அந்த பஸ்ஸிலிருந்து வரவில்லை. செருப்புச் சத்தம் நின்ற இடத்திலேயே வந்துவிட்டது. அங்கே என்ன நடந்திருக்கும் என்று நம் மூளை ஒரு கணக்குப் போட ஆரம்பிக்கிறது, அந்தக் கணக்கு முடிவதற்குள் பஸ் வந்து நிற்கிறது.

திடுக்கிட வைக்கும் காட்சியை எல்லாரும் மட்டமாகப் பேசுவார்கள். எனக்கு அதோடு சண்டை இல்லை. முன்னால் அந்த மதில் ஓர நடை இல்லாமல், சும்மா பீரோவைத் திறந்தால் பூனை குதிக்கும், கூடவே வயலின் அலறும் என்றால்தான் எரிச்சல் வருகிறது. காதுக்குப் பக்கத்தில் பலூனை உடைத்தாலும் துள்ளத்தான் செய்வோம்.

ஒரு வீடு, ஒரு டி.வி.

1968-இல் வெளியான 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தை அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பக்கத்தில் ஜார்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் சேர்ந்து எடுத்தார்கள். செலவு சுமார் 1,14,000 டாலர். கருப்பு வெள்ளை என்பதால் ரத்தத்துக்கு சாக்லேட் சிரப்பே போதுமானதாக இருந்தது. இடிக்கப்போகிற பண்ணை வீடு ஒன்று கிடைத்தது, சுவரில் ஆணி அடித்தாலும் கேட்க ஆளில்லை. இது எல்லாரும் சொல்கிற கதை.

எனக்குப் பிடித்தது வேறு. கதைப்படி நாடு முழுக்கச் செத்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள். நாடு முழுக்க நடப்பதைக் காட்டக் காசு ஏது? அதனால் ஏழு பேரை அந்த வீட்டுக்குள் அடைத்து, ஒரு ரேடியோவையும் ஒரு டி.வி.யையும் வைத்துவிட்டார்கள். செய்தி வாசிப்பவர் பேசப் பேச, வெளியே நடப்பது மொத்தமும் நம் மனதில் ஓடுகிறது. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் மாட்டிக்கொண்டு, பக்கத்துத் தெருவில் தண்ணீர் எவ்வளவு என்பதைப் பேட்டரி ரேடியோவிலும் மாடி மேலிருந்து யாரோ கத்துவதிலும் தெரிந்துகொண்டவர்கள் நாம். கண்ணால் பார்த்த தண்ணீரைவிட, கேள்விப்பட்ட தண்ணீர்தான் அன்று தூங்கவிடவில்லை.

படத்தின் தலைப்பைக் கடைசி நேரத்தில் மாற்றியபோது காப்புரிமை அறிவிப்பு விடுபட்டுப்போனது. அந்தக் கால அமெரிக்கச் சட்டப்படி அதனால் படம் பொதுச் சொத்தாகிவிட்டது. எடுத்தவர்களுக்கு நஷ்டம், நமக்கு லாபம்: இணையத்தில் சட்டப்படியே இலவசமாகப் பார்க்கலாம்.

பத்து வருடம் கழித்து ஜான் கார்பென்டர் 'ஹாலோவீன்' எடுத்தார். கொலைகாரனின் முகமூடி கடையில் இரண்டு டாலருக்கும் குறைவாக வாங்கியது. 'ஸ்டார் டிரெக்' தொடரின் கேப்டன் கிர்க் முகமூடிதான் அது. கண் துளையைப் பெரிதாக்கி, வெள்ளை பெயின்ட் அடித்தார்கள். எந்த உணர்ச்சியும் இல்லாத அந்த வெள்ளை முகம் கதைக்கு அப்படியே பொருந்திவிட்டது. இலையுதிர்காலக் கதையைக் கலிஃபோர்னியாவில் வசந்த காலத்தில் எடுத்ததால், இலைகளுக்கு பெயின்ட் அடித்துத் தெருவில் தூவி, ஷாட் முடிந்ததும் பெருக்கி அள்ளி, அடுத்த ஷாட்டுக்கு அதையே மறுபடி தூவினார்கள். நம் ஊர் ஆர்ட் அசிஸ்டென்ட்டுகள் இதைப் படித்தால் "இதென்ன பெரிய விஷயம்" என்பார்கள்.

நங்கநல்லூரில் நாங்கள் எடுத்த பேய்

இந்த இடத்தில் சொந்தக் கதை ஒன்று. எட்டு வருடத்துக்கு முன் நானும் நண்பர்கள் இரண்டு பேரும் ஒரு குறும்படம் எடுக்கப் புறப்பட்டோம். செல்போன் கேமரா, நண்பனின் நங்கநல்லூர் ஃபிளாட், அவன் அம்மாவின் பழைய வெள்ளைப் புடவை. ஒருவனுக்குப் புடவை சுற்றி, முகத்தில் பவுடர் அப்பி, கீழேயிருந்து டார்ச் அடித்து ராத்திரி முழுக்க எடுத்தோம். மறுநாள் டி.வி.யில் போட்டுப் பார்த்தால் எல்லாரும் சிரிக்கிறோம். நண்பனின் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடா, பொங்கலுக்கு வெள்ளையடிச்ச சுவராட்டம் இருக்கான்" என்று சொல்லிவிட்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

கடைசியில் ஒரு கிளிப் தானாக ஓட ஆரம்பித்தது. யாரோ போனை ஷெல்ஃபில் வைத்துவிட்டு ரெக்கார்டிங்கை நிறுத்த மறந்திருக்கிறார்கள். ஆளில்லாத ஹால். பால்கனிக் கதவு பாதி திறந்திருக்கிறது. கொடியில் ஒரு வேட்டி காய்கிறது. ஃபேன் சுற்றுகிற 'கிரீச்', அப்புறம் தூரத்தில் ஒரு நாய். ஒரு நிமிடம் எதுவும் நடக்கவில்லை. பிறகு காற்றில் வேட்டி மெல்ல உப்பியது, பின்னால் ஒரு ஆள் நின்றால் எப்படி இருக்குமோ அப்படி. மறுபடி தட்டையானது. திரும்ப உப்பவேயில்லை. நாங்கள் மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. எப்போது வந்து நின்றாரோ தெரியாது, பின்னாலிருந்து அம்மாவின் குரல்: "அந்தக் கதவைச் சாத்துங்கடா."

ராத்திரி முழுக்க உழைத்து எடுத்தது சிரிப்பு. மறந்துபோய் எடுத்தது திகில். கேமரா ஆடாமல் நின்றதால் நாமே ஃபிரேமின் மூலைமூலையாகத் தேடினோம். ஓரன் பெலி தன் சொந்த வீட்டில், சுமார் 15,000 டாலரில் எடுத்து 2007-இல் முதலில் திரையிட்ட 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' இந்த ஒரே விஷயத்தை நம்பித்தான் நிற்கிறது. படுக்கையறையில் ஸ்டாண்டில் ஒரு கேமரா, தூங்கும் ஜோடி, திறந்த கதவு, ஓரத்தில் ஓடும் நேரம். கேமரா ஏன் அசையவில்லை? கதையில் அந்த ஜோடிதான் அதை வைத்துவிட்டுத் தூங்கப் போனார்கள். கிரேன் வாடகைக்குக் காசில்லை என்பதே பார்ப்பவர் மனதில் வராது.

1999-இல் வந்த 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' இன்னும் ஒரு படி மேலே போனது. காட்டுக்குள் காணாமல் போன மாணவர்களின் கேமராவில் இருந்த பதிவு என்பது கதை. இப்படி 'கண்டெடுத்த வீடியோ' என்று சொல்லிக்கொள்ளும் படங்களைத்தான் ஃபவுண்ட் ஃபுட்டேஜ் என்கிறார்கள். நடித்தவர்களே கேமராவைப் பிடித்தார்கள். காட்டுக்குள் சுமார் எட்டு நாள், இயக்குநர்கள் ஆங்காங்கே துண்டுச்சீட்டில் குறிப்பு வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள், கொடுக்கிற சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டே போனார்கள். படத்தில் அவர்கள் எரிந்து விழுவதில் பாதி பசி. கேமரா ஆடுகிறது, ஃபோகஸ் போகிறது, சூனியக்காரி கடைசிவரை வரவேயில்லை. வேறு படத்தில் குறையாக இருந்திருக்கக்கூடியதெல்லாம் இங்கே சாட்சி ஆகிவிட்டது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. 60,000 டாலரில் எடுத்து சுமார் 25 கோடி டாலர் சம்பாதித்தது என்று இந்தப் படத்தைப் பற்றி எல்லா இடத்திலும் எழுதுவார்கள். அந்த 60,000 படம் எடுத்த செலவு மட்டும். வாங்கிய நிறுவனம் பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தது, விளம்பரத்துக்கு அதைவிடப் பல மடங்கு செலவழித்தது. 'நாமும் செல்போனில் எடுத்துக் கோடீஸ்வரன் ஆகலாம்' என்று கிளம்புகிறவர்கள் இந்த இரண்டாவது வரியைப் படிப்பதேயில்லை.

நம் படங்கள்

தமிழில் இந்தப் பாடத்தை நன்றாகப் படித்த படம் 2012-இல் வந்த 'பீட்சா'. கார்த்திக் சுப்புராஜுக்கு முதல் படம். விஜய் சேதுபதி அப்போது பெரிய நட்சத்திரமில்லை. கதையைச் சொல்லப்போவதில்லை, இன்னும் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் பையன் ஒரு பங்களாவுக்குள் மாட்டிக்கொள்கிறான், கையில் டார்ச். அந்த டார்ச்சைக் கவனியுங்கள். வெளிச்சம் விழுகிற வட்டம் மட்டும்தான் நமக்குத் தெரியும், மீதி வீடு இருட்டில். பங்களா முழுக்க விளக்குப் போட்டு, எல்லா அறையையும் அலங்கரிக்கத் தேவையே இல்லை. அதோடு, வெளிச்சத்தை எங்கே திருப்புவது என்ற முடிவும் பயந்துபோன ஒருவன் கையில் இருக்கிறது. 'அந்தப் பக்கம் அடிக்காதடா' என்று நாம் மனதுக்குள் கெஞ்சும்போது அவன் சரியாக அந்தப் பக்கம் அடிக்கிறான்.

2015-இல் அஜய் ஞானமுத்துவின் 'டிமான்ட்டி காலனி'. ஆழ்வார்பேட்டையின் நிஜக் காலனி ஒன்றின் பெயர் அது. பேய் இருக்கிறது என்று ஊரே கதை பேசிய இடம், அதனால் சென்னைக்காரனுக்கு டைட்டில் கார்டிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. ஆனால் அந்தப் படத்தை நான் மதிப்பது இரண்டாம் பாதிக்காக. நாலு நண்பர்கள், ஒரே அறை, வெளியே போக முடியாது. வாடகை அறையில் நாலு பேராகத் தங்கியவர்களுக்கு அந்த அறையின் புழுக்கம் தெரியும். பங்களாவில் பேய் என்றால் 'நமக்கென்ன, நாம் எங்கே பங்களாவுக்குப் போகப்போகிறோம்' என்று இருந்துவிடலாம். மூட்டைப்பூச்சி இருக்கிற மேன்ஷன் ரூமுக்குள்ளேயே வந்துவிட்டால் என்ன செய்வது?

பேய்க் காமெடி பற்றிக் கேட்பீர்கள். நன்றாகச் செய்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை, சிரிப்பும் பயமும் ஒரே மூச்சில்தான் வெளியே வருகின்றன. பேய் வேலை செய்யாததால் நகைச்சுவை நடிகரைக் கூப்பிட்டு இரண்டு மணி நேரத்தை ரொப்புவதுதான் எனக்கு ஆகாது.

இதைவிடப் பெரிய குறை நம் படங்களின் சத்தத்தில் இருக்கிறது. தமிழில் பெரும்பாலும் நடிக்கும்போது பதிவான குரலைத் தூக்கிப்போட்டுவிட்டு ஸ்டூடியோவில் டப்பிங் பேசுகிறோம். மற்ற படங்களில் இது யாருக்கும் உறுத்தாது. பேய்ப் படத்தில் உறுத்தும். ஏனென்றால் காலி அறைக்கும் ஒரு சத்தம் உண்டு. ஃபிரிட்ஜின் ரீங்காரம், டியூப்லைட்டின் முனகல், மாடியில் யாரோ ஸ்டூலை இழுப்பது. சவுண்ட் ஆட்கள் இதை ரூம் டோன் என்பார்கள். ஷூட்டிங் முடிந்ததும் எல்லாரையும் ஒரு நிமிடம் வாயை மூடச் சொல்லிவிட்டுப் பதிவு செய்துகொண்டால் போதும், அதற்குத் தனிச் செலவும் இல்லை. அதைக்கூடச் செய்யாத படத்தில் அமைதி என்றால் சும்மா ஒலி இல்லாத அமைதி, டி.வி. மியூட்டில் இருக்கிற மாதிரி. உடனே அந்தப் பள்ளத்தை நிரப்ப ஆர்.ஆர். போட்டு அடிக்கிறார்கள். மே மாதம் ராத்திரி கரண்ட் போகும்போது கவனியுங்கள். ஃபேன் நின்று, ஃபிரிட்ஜ் அடங்கி, எதிர்வீட்டு ஏ.சி.யும் ஓய்ந்த பிறகு, நம் வீடு வேறு யாருடைய வீடோ என்று தோன்றும் ஒரு நொடி வருமே, அது திரையில் வர வேண்டும்.

புதிதாகப் பார்க்கிறவர்கள் தியேட்டரைவிட வீட்டில் தொடங்குவது நல்லது என்பேன். இந்த வகைப் படத்தில் பாதி விஷயம் திரையின் ஓரத்திலும் மெல்லிய சத்தத்திலும் இருக்கிறது. முன்சீட்டுக்காரர் போன் வெளிச்சத்திலும் பக்கத்துப் பாப்கார்ன் சத்தத்திலும் அது கரைந்துவிடும். லேப்டாப் போதும், ஹெட்ஃபோன் கட்டாயம். ஹாலில் விளக்கை அணைத்துவிடுங்கள். பார்க்கும்போது ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருங்கள்: இந்த இடத்தில் இவர்களால் எதை வாங்க முடியவில்லை, அதற்குப் பதிலாக என்ன வைத்தார்கள்? செருப்புச் சத்தம், டி.வி. செய்தி, டார்ச் வட்டம் என்று ஏதாவது கிடைத்தால் நல்ல கையில் இருக்கிறீர்கள். மட்டமான கிராபிக்ஸ் கிடைத்தால் அரை மணி நேரத்தில் நிறுத்திவிடலாம், பாவம் ஒன்றும் வராது.

அக்கா மகனுக்கு முதலில் அந்த 1942 படத்தைத்தான் பார்க்கச் சொன்னேன். "கருப்பு வெள்ளையா?" என்று முகத்தைச் சுளித்தவன் போன சனிக்கிழமை ராத்திரி பன்னிரண்டே காலுக்கு போன் செய்தான்.

"மாமா, அந்த பஸ் சீன்."

"சொல்லுடா."

"ஹெட்ஃபோனைக் கழட்டிட்டேன். இப்ப வெளியில யாரோ செருப்பு போட்டுட்டு நடக்கற மாதிரியே இருக்கு. அம்மாவை எழுப்பட்டுமா?"

வாட்ச்மேனாகத்தான் இருக்கும், படு என்றேன். "இல்ல மாமா," என்றான், "இப்ப நின்னுடுச்சு."